கதவைச் சாத்தினப்ப வந்த சிவப்பு பஸ்

பேய் பிசாசுன்னு யாராச்சும் ஆரம்பிச்சா எந்திரிச்சுப் போற ஆளு நான். மஸ்கெலியா டவுன்ல கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வச்சிருக்கேன், எது கெட்டாலும் ஒரு காரணம் இருக்கும், அதைக் கண்டுபிடிச்சாத்தான் எனக்குச் சோறு. நீங்க நம்பாட்டியும் பரவால்ல, நானே பாதி நாள் நம்புறதில்ல.

எங்க அண்ணன் கொழும்புல ஒரு கம்பனிக்கு புரோகிராம் எழுதிக்கிட்டு இருந்தாரு. படம், பட்டன் ஒன்னும் இருக்காது, கறுப்புத் திரையில வெறும் எழுத்துல ஓடுறது. எழுத்துக்கு நடுவுல, இங்க சிவப்பாக்கு, இங்க தள்ளிப் போன்னு திரைக்குக் குறியீடு போகும். புரிஞ்ச திரை சொன்னபடி செய்யும், புரியாத பழைய திரை அந்தக் குறியீட்டையே அடைப்புக்குறியும் நம்பருமா கக்கி வைக்கும். அண்ணனுக்கு எந்நேரமும் அந்தத் தலைவலிதான். அண்ணிக்காக விளையாட்டா ஒன்னு எழுதியிருந்தாரு. ஓட்டுனா, எழுத்தாலயே ஒரு சிவப்பு பஸ் வந்து நிக்கும், கீழ இங்கிலீஷ் எழுத்துல 'சாப்பிட்டியா?'ன்னு கேக்கும், அவ்வளவுதான்.

திடீர்னு ஒரு ராத்திரி தூக்கத்துலயே போயிட்டாரு அண்ணன். எனக்கு அழுகையே வரல, மரத்துப் போச்சு. அண்ணியும் அழல, ஒரு வாய் சோறு இறங்கல, பால் போடாத பிளேன்டீயிலயே கிடந்தாங்க, நாளுக்கு நாள் தேய்ஞ்சுக்கிட்டே போனாங்க. லேப்டாப்பை கம்பனிக்காரங்க வாங்கிட்டுப் போயிட்டாங்க. அந்த பஸ் மட்டும் பென் டிரைவ்ல இருந்துச்சு.

"ஒரே ஒரு தடவை பாக்கணும் தம்பி"ன்னாங்க.

மலைமேல தோட்டத்து லயத்துல, எங்க வீட்டுல இருந்தது என்னோட ஓட்டை லேப்டாப்தான், அதுல ஓட்டுனா பஸ்ஸுக்குப் பதிலா குப்பை. கடையில இருக்கிறதுல சரியா ஓடும், ஆனா பெரிய மெஷின், தூக்கிட்டு மலை ஏற முடியாது, போன்ல படம் பிடிச்சுக் காட்டவான்னா, ஓடுறதைத்தான் பாக்கணும்னாங்க, அண்ணியைக் கடைக்குக் கூப்பிடலாம்னா பதினாறாம் நாள் காரியம் முடியாம துக்க வீட்டுப் பொம்பள வெளிய போகக் கூடாதாம். என்னென்னமோ பண்ணிப் பாத்துட்டு, "இந்த மெஷினுக்குப் புரியாது அண்ணி"ன்னுட்டேன்.

பதினாறாம் நாள் பகல்ல படையல். இலையில சோறு, அவருக்குப் பிடிச்ச கருவாட்டுக் குழம்பு. அண்ணி லேப்டாப்பைக் கொண்டாந்து, அந்த பஸ்ஸை ஓட்டிவிட்டு இலை பக்கத்துல வச்சாங்க, திரையில அதே அடைப்புக்குறியும் நம்பரும்தான். "குப்பையா இருந்தாலும் இருக்கட்டும், அவர் எழுதினதுதானே"ன்னாங்க. வழக்கப்படி அவர் வந்து சாப்பிடட்டும்னு கதவைச் சாத்திட்டு எல்லாரும் வெளிய நின்னோம். ஒரே கதவு உள்ள ஒத்த அறை, லயத்துக் காம்பரா அது. வாசல்ல பனி மூடிக் கிடந்துச்சு.

தொறந்தா, ஐயோ, பஸ் நிக்குது. நல்ல சிவப்பு. குப்பை ஒன்னுகூட இல்ல. கீழ அந்தக் கேள்வி. நம்புனா நம்புங்க, எனக்குப் பயமும் வரல, ஒன்னும் வரல, கட்டை மாதிரி நின்னேன்.

அண்ணி உக்காந்து 'இல்ல'ன்னு அடிச்சாங்க. அப்புறம் திரைக்குக் கிட்டக் குனிஞ்சு எதையோ ரொம்ப நேரம் படிச்சாங்க, படிக்கப் படிக்க கண்ணுல தண்ணி ஊத்துது. லேப்டாப் மூடியைச் சாத்திட்டு இலையை இழுத்து வச்சு, விக்கி விக்கி அழுதுக்கிட்டே அந்தச் சோத்தைச் சாப்பிட்டாங்க.

அந்தப் புரோகிராமை வரி வரியா படிச்சவன் நான். கேள்வியோட முடிஞ்சிரும், பதிலுக்குப் பதில் சொல்ல அதுல ஒன்னுமே எழுதல. மறுநாள் ஓட்டிப் பாத்தேன், பழையபடி குப்பை.

"அன்னைக்கு என்னதான் அண்ணி வந்துச்சு?"ன்னு ஒரு நாள் கேட்டுட்டேன்.

"உங்களைப் பத்தியும்தான் கேட்டாரு தம்பி"ன்னுட்டு அடுப்பைப் பாக்கப் போயிட்டாங்க. என்ன கேட்டாருன்னு கேக்க எனக்கு இன்னும் தைரியம் வரல.