முழங்காலுக்கு வைத்த தேர்வு: ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர்

தாம்பரத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்குப் போய்வந்ததை யாரும் பயணக் கட்டுரையாக எழுதுவதில்லை. வேலைக்குப் போகிறவர்கள் தினமும் போகிறார்கள். கோயிலுக்குப் போகிறவர்கள் காரில் போய் மதியச் சாப்பாட்டுக்குள் வீடு திரும்பிவிடுகிறார்கள். நான் போனதற்குக் காரணம் என் வலது முழங்கால்.

கல்லூரித் தோழி மாலதியும் நானும் இந்த அக்டோபரில் மேகாலயா போவதாகத் திட்டம். அங்கே உயிருள்ள மரவேர்களைப் பின்னிப் பாலமாக்கியிருக்கிறார்கள். அதைப் பார்க்க மலைச்சரிவில் ஆயிரக்கணக்கான படிகள் இறங்கி, அதே படிகளை ஏறி வர வேண்டும். விமானச் சீட்டு எடுக்கப் போகும் நேரத்தில்தான் முழங்காலில் தேய்மானம் என்று மருத்துவர் சொன்னார். கைத்தடி வைத்துக்கொள்ளச் சொன்னார். படிகளில் யாரையாவது பிடித்துக்கொள்ளவும் சொன்னார். எனக்கு இன்னும் ஐம்பது ஆகவில்லை. அறுநூற்றைம்பது ரூபாய்க்கு மடக்குக் கைத்தடி ஒன்று வாங்கினேன், வாங்கியதோடு சரி. யார் சொன்னாலும் சோதித்துப் பார்க்காமல் ஒப்புக்கொள்வது என் வழக்கமில்லை. ஆகவே பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்தேன். நாள் முழுக்கப் பொதுப் போக்குவரத்து, தடியைப் பையிலிருந்து எடுக்கக்கூடாது, யார் கையையும் பிடிக்கக்கூடாது. முடிந்தால் மேகாலயா. முடியாவிட்டால், வரவில்லை என்று மாலதியிடம் சொல்லிவிட வேண்டியதுதான்.

காலை ஆறரைக்குத் தாம்பரத்தில் சாதாரணப் பேருந்து. பெண்களுக்குக் கட்டணம் இல்லை. படப்பை வரை பதின்மூன்று கிலோமீட்டர் இருக்கும். முக்கால் மணி நேரம் ஆயிற்று. வழியெல்லாம் மனை விற்பனைப் பலகைகள். எல்லா மனையிலிருந்தும் எல்லா இடமும் பத்து நிமிடத்தில் இருக்கிறது. படப்பையில் இறங்கும்போது கம்பியைப் பிடித்துச் சமாளித்துவிட்டேன். பொங்கல், வடை, காபி, தொண்ணூறு ரூபாய். வடை நன்றாக இருந்தது. தேர்வில் முதல் தாள் தேறிய உற்சாகமும் காரணமாக இருக்கலாம்.

எட்டு மணிக்கு ஒரகடம் கூட்டுச்சாலை. அந்த நேரத்தில் அங்கே மனிதர்களைவிடப் பேருந்துகள் அதிகம் என்று தோன்றும். அவற்றில் முக்கால்வாசி, தொழிற்சாலைகள் வாடகைக்கு எடுத்தவை. புதிதாக வருகிறவர்களுக்கு இது தெரியாது. எனக்கும் தெரியாது. முன் கண்ணாடியில் ‘ஸ்ரீபெரும்புதூர்’ என்று தாள் ஒட்டிய பேருந்து ஒன்று வந்து நின்றது. பெண்கள் கூட்டமாக ஏறினார்கள். எங்கே போகிறது என்று கேட்பது எனக்குப் பிடிக்காத காரியம். எழுதியிருக்கிறது, எனக்குப் படிக்கத் தெரியும். படி உயரமாக இருந்தது. உள்ளேயிருந்து ஒரு பெண் கை நீட்டினாள். ‘பரவாயில்லை’ என்று சொல்லிவிட்டுக் கம்பியைப் பிடித்துத் தொங்கி ஏறினேன்.

நான் ஏறியதும் பேச்சு அடங்கியது. காதில் மாட்டியிருந்தவற்றை எல்லோரும் கழற்றினார்கள். முன் இருக்கையில் இருந்த பெண் எழுந்து இடம் விட்டாள். இந்த வட்டாரத்தில் வயதுக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்கு வியப்பாகவும், கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது. நடத்துநர் வரவில்லை. இலவசம்தானே, அதனால் வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

சற்று நேரத்தில் பின்னாலிருந்து ஒரு பெண் முன்னே குனிந்தாள். பேச்சில் திருநெல்வேலிப் பக்கம் தெரிந்தது.

“மேடம், மாடியில ரெண்டு நாளா தண்ணி வரல.”

வழித்துணைப் பேச்சு என்று நினைத்து, அது கவனிக்க வேண்டிய விஷயம்தான் என்றேன். சாம்பாரும் சரியில்லை என்றாள். அதற்கும் வருந்திவிட்டு, இதையெல்லாம் சொல்ல வேண்டியவர்களிடம் சொல்ல வேண்டும் என்று எடுத்துரைத்தேன்.

“அதான் மேடம் சொல்லுதோம்” என்றாள்.

இது எனக்குப் புரிவதற்குள் பேருந்து நெடுஞ்சாலையை விட்டுத் திரும்பி, வல்லம் வடகால் தொழிற்பேட்டைக்குள் நுழைந்துவிட்டது. அகலமான சாலைகள், ஒரே மாதிரிச் சுவர்கள், இரண்டு சுவர்களுக்கு நடுவே விட்டுப்போன ஒரு துண்டு வயல், அதில் நான்கு கொக்குகள். கைபேசி உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றின் வாசலில் பேருந்து நின்றது. காவலர் வாசற்படியில் ஏறி என் அடையாள அட்டையைக் கேட்டார்.

எனக்குக் கை நீட்டிய பெண் பக்கத்து இருக்கையில்தான் இருந்தாள். பெயர் எஸ்தர். வல்லத்துக்காரி, நாற்பத்தைந்து வயதிருக்கும்.

“இன்னாண்ணே, இவங்க ஹாஸ்டலுக்கு வந்த புது வார்டன் இல்லியா?”

வார்டன் நேற்றே வந்துவிட்டாரே என்றார் காவலர். பேருந்தே குலுங்கும்படி சிரித்தார்கள். மூக்குக்கண்ணாடி, கைத்தறிப் புடவை, சிரிக்காத முகம். அவர்கள்மேல் தப்பில்லை. பேருந்தின் முன் கண்ணாடியில் இருந்த தாள், இரவு ஷிப்ட் ஆட்களை ஊருக்குக் கொண்டுபோய் விட்ட நடையில் ஒட்டியதாம். கிழிக்க மறந்துவிட்டார்கள்.

நானும் சிரித்துக்கொண்டே எழுந்தேன். அதாவது, எழப் பார்த்தேன். அரைமணி நேரம் மடங்கியே இருந்த முழங்கால் நீள மறுத்தது. எப்படியோ வாசல்வரை நகர்ந்துவிட்டேன். கீழ்ப்படிக்கும் தரைக்கும் நடுவே இருந்த உயரத்தைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டேன். ‘ஒரு நிமிஷம்’ என்றேன். பக்கத்தில் கை நீட்டினார்கள். ‘வேண்டாம், நானே இறங்கிவிடுவேன், ஒரு நிமிஷம்’ என்று மறுபடியும் சொன்னேன்.

அந்தப் பேருந்துக்கு ஒரே வாசல். எனக்குப் பின்னால் நாற்பது பெண்கள். ஒன்பது மணிக்குள் வாசல் இயந்திரத்தில் அட்டையைக் காட்டாவிட்டால் அரைநாள் சம்பளம் போய்விடும் என்பதைப் பின்வரிசையில் ஒருத்தி இன்னொருத்தியிடம் சொல்வது காதில் விழுந்தது. ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார்.

“யம்மா, உன் நிமிசம் எத்தினி நிமிசம்? நான் இன்னொரு ட்ரிப் அடிக்கணும்.”

எஸ்தர் என் தோளுக்குப் பின்னாலிருந்து பேசினாள்.

“யக்கா, கம்பெனில எங்க லைன்ல ஒரு பட்டன் கீது. கை ஓடலன்னா அமுக்கணும். மஞ்ச லைட் எரியும், பக்கத்து ஆளு வந்து கை குடுக்கும். அமுக்குனவள யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அமுக்காம வேலைய குவிச்சு வச்சிகினு நிப்பா பாரு, அவளுக்குத்தான் திட்டு. அவளால மொத்த லைனும் நின்னுபூடும்.”

“இப்ப நிக்குது” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

தொழிற்சாலை விதிகளிலிருந்து வாழ்க்கைப் பாடம் எடுக்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. ஆனால் இது பாடமில்லை, கணக்கு. என் முழங்கால் என் சொந்த விஷயம் என்றே அதுவரை நினைத்திருந்தேன். அன்று காலை அது நாற்பது பேரின் அரைநாள் சம்பளமாக நடுவழியில் நின்றது.

“மஞ்சள்” என்றேன்.

அடுத்த நொடி, கீழே இருவர், மேலே எஸ்தர். தரை காலுக்குத் தானாக வந்ததுபோல் இருந்தது. வலிக்கவே இல்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. இவ்வளவு நாள் மறுத்துவந்த காரியம் இவ்வளவு எளிதாக முடியும் என்று நான் நினைக்கவில்லை. ஓரமாக நின்று, பையைத் திறந்து, கைத்தடியை எடுத்து விரித்தேன். தண்ணீர்ப் புகார் சொன்ன பெண் ஓட்டத்தை நிறுத்திப் பார்த்தாள்.

“எக்கா, இத இவ்வளவு நேரமும் பைக்குள்ளயா வச்சிருந்தீய?”

மேடமாக ஏறியவள் அக்காவாகிவிட்டிருந்தேன். ஒன்பதுக்கு முன்பே எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். வாசலில் நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தேன். காவலர் ஆட்டோ பிடித்துக் கொடுத்தார். ஸ்ரீபெரும்புதூர் சுமார் பத்துக் கிலோமீட்டர், நூற்றைம்பது ரூபாய். ஏறும்போது கம்பியைப் பிடிக்காமல் ஓட்டுநரின் தோளைப் பிடித்தேன். அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

கோயிலில் கூட்டமில்லை. இந்த ஊரில் பிறந்த ராமானுஜர் நூற்றிருபது ஆண்டுகள் வாழ்ந்தார் என்கிறார்கள். அவ்வளவு காலம் அவருடைய முழங்கால்கள் எப்படி இருந்தன என்று யாரும் எழுதிவைக்கவில்லை. மூன்று கழிகளைச் சேர்த்துக் கட்டிய துறவியின் முக்கோல் மட்டும் படங்களில் எல்லாம் கூடவே இருக்கிறது. அது வேறு காரணத்துக்கு என்று எனக்குத் தெரியும். இருந்தாலும், என் கையில் இருந்ததோடு பார்க்கையில் சற்றுத் தோழமையாக இருந்தது. பிராகாரத்தை நிதானமாக ஒருமுறை சுற்றினேன். வழக்கமாக மூன்று சுற்றுவேன்.

வெளியே வந்து, நிழலில் உட்கார்ந்து மாலதியை அழைத்தேன். தேர்வில் தோற்றுவிட்டேன், ஆனாலும் வருகிறேன் என்றேன். பாதிப் படிவரைதான் இறங்குவேன், அங்கே டீக்கடை இருந்தால் உட்கார்ந்துகொள்வேன், பாலத்தைப் பார்த்துவிட்டு வந்து அவள் சொல்லட்டும், ஏறும்போது அவள் தோளைப் பிடித்துக்கொள்வேன்.

“எந்தத் தோள்?” என்றாள் மாலதி.

“ஏன்?”

“இடது கைய ஆறு மாசமா தூக்கவே முடியலடி. சொன்னா நீ ட்ரிப்பையே கேன்சல் பண்ணிடுவியோன்னுதான் சொல்லல. வலது பக்கம் பிடிச்சுக்கோ. டீக்கடையில எனக்கும் ஒரு இடம் போடு.”

அன்று மாலையே சீட்டு எடுத்துவிட்டோம்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். ஸ்ரீபெரும்புதூரில் ரயில் நிலையம் கிடையாது, பேருந்தும் ஆட்டோவும்தான். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள், ஆகவே காலையிலேயே கிளம்புங்கள். ஷிப்ட் மாறும் நேரத்தில் ஒரகடத்தில் சாலையைக் கடக்க அவசரப்படாதீர்கள். எனக்கு மொத்தச் செலவு, சாப்பாடும் சேர்த்து, நானூறு ரூபாய்க்குள். கைத்தடி இருந்தால் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பையில் அது வெறும் சுமை. எந்தப் பேருந்தாக இருந்தாலும், என்ன எழுதியிருந்தாலும், கேட்டுவிட்டு ஏறுங்கள்.

நான் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டேன். திரும்பும்போது நிலையத்தில் நின்ற பேருந்தின் நடத்துநரிடம், தாம்பரம் போகுமா என்று கேட்டேன். அவர் தலைக்குமேல் இருந்த பலகையைக் காட்டினார்.

“எழுதியிருக்கே மேடம், படிக்கத் தெரியாதா?”

“தெரியும்” என்றேன். “இந்தத் தடியைக் கொஞ்சம் பிடியுங்கள், ஏறிக்கொள்கிறேன்.”