ஐயையோ அக்காவின் நீலக் கத்தி

"கொதிச்சிடாத, கொதிச்சிடாத" என்று பாத்திரத்தின் மேல் குனிந்து தண்ணீரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள். உள்ளே நீலச் சாயம். சாயத்துக்குள் நூலில் கட்டி இறக்கிய பேனாக்கத்தி ஒன்று. தண்ணீர் தளதளவென்று கொதித்தால் பிளாஸ்டிக் பிடி கோணிக்கொள்ளும். சூடு குறைந்தால் சாயம் ஏறாது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, அடுப்பைக் கூட்டுவதும் குறைப்பதுமாக அவள் படுகிற பாட்டைப் பார்த்தால், உள்ளே கிடப்பது கத்தியா காய்ச்சல்காரப் பிள்ளையா என்று கேட்கத் தோன்றும்.

எங்கள் மெத்தைக் கொட்டகையில் அவளுக்கு ஐயையோ அக்கா என்று பெயர். நூல் அறுந்தால் ஐயையோ. மின்விசிறி நின்றால் ஐயையோ. யாராவது சிரித்தால்கூட "ஐயையோ, என்னாச்சு?" மகளுக்குப் போன் போட்டு, அவள் எடுக்கத் தாமதமானால் அழுகை வந்துவிடும். முதல் மணியிலேயே எடுத்துவிட்டால், "ஐயையோ, ஏன் உடனே எடுத்த? ஏதாவது ஆயிடுச்சா?"

பஞ்சு அடைத்த மெத்தையின் வாயைத் தைத்து மூடுவது அவள் வேலை. நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். தலையில் பஞ்சு மூட்டை சுமந்த அதே தெருவில் சொந்தமாகக் கொட்டகை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஆளை எடை போடுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவள் வந்த அன்றைக்கே சொன்னேன்: இவள் போட்ட தையல் பிரியாது, ஆனால் இவள் நம்மை நிம்மதியாக இருக்கவும் விடமாட்டாள்.

நூல் அறுக்க எல்லோருக்கும் பேனாக்கத்தி நான்தான் வாங்கிக் கொடுத்தேன். நல்ல எஃகு, வெள்ளைப் பிடி. மற்றவர்கள் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார்கள். இவள் மட்டும் நின்றாள்.

"அண்ணே, பஞ்சும் வெள்ளை, பிடியும் வெள்ளை. உள்ள விழுந்தா யாரு கண்ணுக்குத் தெரியும்?"

"விழாம பாத்துக்க."

"விழுந்துட்டா?"

இதற்கு மேல் அவளிடம் பேச முடியாது. சாயம் போடுவதென்று முடிவாயிற்று. உறைத் துணி வெட்டுகிற வெட்டுக்காரர், "செவப்பு போடும்மா, பளிச்சுன்னு தெரியும்" என்றார். "ஐயையோ, வெள்ளைப் பஞ்சுல செவப்பப் பாத்தா ரத்தம்னு நெனச்சு எனக்கு நெஞ்சு நின்னுடும்" என்றாள். அதனால் நீலம். கைப்பிசுக்குப் போகச் சோப்புப் போட்டுப் பிடியைக் கழுவினாள். சாயம் ஏறியதும் எடுத்து, துருப்பிடிக்காமல் இருக்கத் துடைத்து, மடக்குகிற இடத்தில் எண்ணெய் விட்டாள். கெட்டியான நீலம், திட்டுத் திட்டாக இல்லாமல் சீராகப் பிடித்திருந்தது. "இப்பதான் நிம்மதி" என்றாள். அவள் வாயில் அந்தச் சொல்லை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அந்த வாரமே, குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு மெத்தை போகிற நாள். வாசலில் வேன் நிற்கிறது. பாதிக்கு மேல் ஏற்றியாயிற்று. அவள் இடுப்பில் கை வைத்தாள். முகம் வெளுத்துவிட்டது. ஐயையோ என்று கூடச் சொல்லவில்லை. அதைப் பார்த்துத்தான் நான் எழுந்து வந்தேன்.

"அண்ணே, கத்தியக் காணோம்."

"எங்க வச்ச?"

"வாய் தைக்கறப்ப கையில இருந்துச்சு. எந்த மெத்தைன்னு தெரியல."

வேன் ஓட்டுகிறவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "அக்கா, நீங்க தேடி எடுக்கறதுக்குள்ள அந்தப் புள்ளைங்க வளந்து கல்யாணமே பண்ணிக்கும்."

"மடக்கின கத்திதானே, என்ன பண்ணிடும்?" என்றேன்.

"மடக்கினேனான்னு ஞாபகம் இல்லையே அண்ணே. படுக்கப்போறது பச்சப்புள்ளைங்க. தூக்கத்துல பொரண்டு படுத்தா?"

சொன்ன நேரத்துக்குச் சரக்கு போய்ச் சேரும் என்பதில்தான் ஊரில் எனக்குப் பெயர். அந்தப் பெயரை வைத்துத்தான் எனக்குச் சோறு. இருந்தாலும் சொன்னேன்: "எல்லாத்தையும் எறக்குங்கடா."

இறக்கினோம். மற்றவர்களுடைய கத்தியை வாங்கி, தான் போட்ட தையலைத் தானே அறுத்தாள். தோள்வரை கையை உள்ளே விட்டுத் துழாவினாள். இமையெல்லாம் பஞ்சு. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. "நம்ம சரக்கு சார், ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பாத்துதான் அனுப்புவேன்" என்று கம்பீரமாகச் சொல்லிவிட்டுத் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டேன். ஒவ்வொரு மெத்தையாக வாய் திறந்தது. உள்ளே வெள்ளை, வெள்ளை, வெள்ளைதான்.

அவசரத்தில் அறுத்ததில் ஓர் உறை கிழிந்துவிட்டது. மாற்றுத் துணி வெட்ட வெட்டுக்காரர் மேசைமேல் விரித்திருந்த துணியை இழுத்தார். ஏதோ வழுக்கிக்கொண்டு வந்து தரையில் 'டக்'கென்று விழுந்தது.

நீலப் பட்டை போட்ட துணி அது. அந்தப் பட்டைமேல் நீலப் பிடி, வந்தவர் போனவர் கண்ணெதிரே, இவ்வளவு நேரமும் கிடந்திருக்கிறது. அந்த மேசையில் கையூன்றி நின்றுதான் நானே கத்திக்கொண்டிருந்தேன்.

"பஞ்ச நெனச்ச, துணிய நெனைக்கலையே தாயே! செவப்பு போடுன்னு தலையால அடிச்சுக்கிட்டேனே, கேட்டியா?" என்றார் வெட்டுக்காரர்.

அவள் குனிந்து கத்தியையே பார்த்தாள். நாங்களும் அப்போதுதான் பார்த்தோம். கத்தி விரிந்துதான் கிடந்தது.

எல்லோரும் உட்கார்ந்து மளமளவென்று தைத்து முடித்தோம். நானும் ஊசி பிடித்தேன், கை மறக்கவில்லை. மறுபடி ஏற்றினோம். வேனின் கதவைச் சாத்தப் போனால், குறுக்கே வந்து நிற்கிறாள்.

"இன்னும் என்ன? கத்திதான் கையில இருக்கே!"

"இருக்குதுண்ணே, தச்ச ஊசிய யாரும் எண்ணலையே" என்றாள். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். கத்தியை இறுக்கிப் பிடித்தபடி வேனுக்குள் ஏறி, மேலே இருந்த மெத்தையில் கன்னத்தை அழுத்திக் குப்புறப் படுத்து, ஓரத்துக்கு ஓரம் மெதுவாக உருண்டாள். பிறகு அதைப் பக்கத்தில் தள்ளிவிட்டு, அடுத்ததில் படுத்தாள்.