இடது பக்கமே இழுத்த ஜீப்

நாலைந்து வருடம் இருக்கும். மழைக்காலம் முடிந்து கடல் கொஞ்சம் அடங்கியிருந்த மார்கழி மாதம். லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து பொன்னேரி மார்க்கெட்டுக்கு மீன் கூடைகளையும், விற்கப் போகிற பெண்களையும் ஏற்றிக்கொண்டு எங்கள் பழைய ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்தேன். பாலம் தாண்டி பழவேற்காட்டுக்குள் நுழைந்து, டச்சுக்காரர் கல்லறைப் பக்கம் திரும்பும்போது முன்பக்க இடது சக்கரத்திலிருந்து புகை கிளம்பியது. கருகல் நாற்றம் வேறு. பின்னால் இருந்தவர்கள் கூடைகளை அப்படியே போட்டுவிட்டுக் குதித்தார்கள்.

அந்த ஜீப் என் அப்பா, எங்கள் நைனா, ஏலத்தில் எடுத்தது. மணலில் படகு இழுக்கவும் வலை ஏற்றவும் வைத்திருந்தார். இடுப்பில் அடிபட்டு அவர் வீட்டோடு உட்கார்ந்த பிறகு நான் ஓட்ட ஆரம்பித்தேன். என் வீட்டுக்காரர் காசிமேட்டில் லாஞ்சு என்கிற விசைப்படகில் மீன்பிடிக்கப் போகிறவர், பாதி நாள் கடலில்தான். மீன் கூடையோடு ஏறினால் பஸ்ஸில் முகம் சுளிப்பார்கள், பல நாள் ஏற்றவே மாட்டார்கள். ஊரில் இருந்தது ஒரே ஒரு லோடு வேன். அதை வைத்திருந்தவர் எனக்கு அண்ணன் முறை. ஆனாலும் பெரிய வியாபாரிகளின் பெட்டிகள் ஏறி முடிந்து இடம் மிச்சமிருந்தால்தான் எங்கள் கூடைக்கு இடம். அதற்குள் வெயில் ஏறி மீனின் கண் வெளுத்துவிடும். கண் வெளுத்த மீனை யார் வாங்குவார்கள்? அதனால்தான் ஜீப்.

சக்கரம் இப்படிப் பிடித்துக்கொள்வது அன்று புதுசில்லை. பிரேக்கை மிதித்துக் காலை எடுத்த பிறகும் வண்டி இடது பக்கமே இழுக்கும். கொஞ்ச தூரம் போனால் சக்கரத்துக்குள் இருக்கிற பிரேக் டிரம்மில் சூட்டுக்குக் கை வைக்க முடியாது. மெக்கானிக்கும் பலமுறை பார்த்தார். "உப்புக் காத்தும்மா, எல்லாம் துரு" என்று சொல்லிச் சுத்தம் செய்தார், ஸ்பிரிங் மாற்றினார், வீல் சிலிண்டரையும் மாற்றினார். இரண்டு நாள் நன்றாக ஓடும். பிறகு பழைய கதைதான்.

புகை வந்த அன்று அவருக்கும் அலுத்துவிட்டது. டிரம்மில் உரசவே கூடாதென்று பிரேக் ஷூவை நன்றாகத் தள்ளி வைத்துவிட்டு, "இனிமே பிடிக்காது, போ" என்றார். அவர் சொன்னது சரிதான், பிடிக்கவே இல்லை. மறுநாள் பாலத்தில் முன்னால் போன பைக் திடீரென்று நின்றது. நான் மிதித்தேன். பெடல் அடி வரைக்கும் போனது, வண்டி நிற்கவில்லை. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கைப்பிடிச் சுவரில் உரசித்தான் நிறுத்தினேன். பைக்கில் வந்தவர் பின்னால் ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தது.

அன்று சாயங்காலம் ஊர்ப் பஞ்சாயத்தார் கூப்பிட்டு அனுப்பினார்கள். பிரேக் இல்லாத வண்டியில் ஆள் ஏற்றாதே என்று சொல்லியிருந்தால் தலையாட்டிவிட்டு வந்திருப்பேன். அது நியாயம். அவர்கள் சொன்னது வேறு. பொம்பளை ஓட்டினால் இப்படித்தான், இனிமேல் அந்த வண்டி ஓடக்கூடாது என்றார்கள். வேன்கார அண்ணன் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

"இன்னாத்துக்குத் தங்கச்சி இந்தப் புடிவாதம்? எனக்கே குடுத்துடு. இரும்பு வெலைக்கு எடுத்துக்கறேன்."

"பிரேக் சரியாவற வரைக்கும் யாரையும் ஏத்த மாட்டேன். எனக்கே பயமாத்தான் கீது. ஆனா வண்டிய விக்க மாட்டேன். நானே கழட்டிப் பாக்கறேன்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். பஞ்சாயத்துத் தலைவரும் சிரித்தார். வீட்டுக்கு வந்தால் நைனாவும், "வித்துடும்மா, பழைய இரும்பு" என்றார். அன்று அவரோடு நான் பேசவில்லை.

எனக்கு மெக்கானிக் வேலை தெரியாது. அவர் கழட்டும்போது பக்கத்தில் நின்று பார்த்ததுதான். மறுநாள் காலையில் மணலில் பலகை போட்டு, அதன்மேல் ஜாக்கி வைத்துத் தூக்கினேன். என் வீட்டுக்காரரின் அக்கா துணைக்கு வந்தார். அண்ணி என்றுதான் கூப்பிடுவேன், அவரும் மீன் விற்கிறவர்தான். டிரம் லேசில் வரவில்லை. கட்டையால் சுற்றிச் சுற்றித் தட்டி எடுத்தேன். உள்ளே ஷூ, ஸ்பிரிங், சிலிண்டர் எல்லாம் பளிச்சென்று இருந்தன. எதுவும் எங்கேயும் சிக்கவில்லை. பிறகு எதற்குப் பிடிக்கிறது?

எல்லாவற்றையும் மாட்டி, ஷூவையும் பழையபடி நெருக்கி வைத்தேன். அண்ணியை சீட்டில் உட்கார வைத்து பிரேக்கை மிதித்துவிட்டுக் காலை எடுக்கச் சொன்னேன். சக்கரம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. பிரேக் குழாயில் சிக்கிய காற்றை வெளியே எடுக்கிற நிப்பிளைத் திருகியதும் பிரேக் ஆயில் என் முகத்தில் பீய்ச்சி அடித்தது. சக்கரம் உடனே சுற்றியது. முகத்தைத் துடைத்துக்கொண்டே யோசித்தேன். அண்ணியின் கால் பெடலில் இல்லை. அப்படியிருக்க இந்த வேகம் எங்கிருந்து வருகிறது? சக்கரத்துக்குப் போன ஆயில் திரும்பிப் போகாமல் உள்ளேயே அழுத்திக்கொண்டு நிற்கிறது. எங்கே அடைத்திருக்கிறது?

நிப்பிளை இறுக்கிவிட்டு மறுபடி மிதித்துக் காலை எடுக்கச் சொன்னேன். இரும்புக் குழாய் முடிந்து ரப்பர் ஹோஸ் தொடங்குகிற இடத்தில் இந்தத் தடவை தளர்த்தினேன். அங்கே ஆயில் சொட்டியது, அவ்வளவுதான். சக்கரம் அசையவில்லை.

அண்ணி இறங்கி வந்து எட்டிப் பார்த்தார். "இன்னாமே, நண்டுக் கூண்டு மாதிரி கீது? உள்ள போறது வெளிய வர மாட்டேங்குதே."

அதேதான். குழாய்க்கும் சக்கரத்துக்கும் நடுவே இருந்தது அந்த ஹோஸ் மட்டும்தான். வெளியே பார்த்தால் புதுசு மாதிரி, ஒரு வெடிப்பு இல்லை. அதனால்தான் யாரும் அதைத் தொடவில்லை. கழட்டிப் பையில் போட்டுக்கொண்டு, பொன்னேரியில் ரயிலேறி, வண்டி உதிரிபாகம் விற்கிற சென்னைப் புதுப்பேட்டைக்குப் போனேன். கடைக்காரர் வாய் வைத்து ஊதிப் பார்த்தார், காற்று போகவில்லை. நீளவாக்கில் அறுத்துக் காட்டினார். உள்ளே ரப்பர் ஊதிப்போய், துளை ஊசிக்காது அளவுக்குக் குறுகியிருந்தது. காலால் மிதிக்கிற வேகத்தில் ஆயில் உள்ளே போயிருக்கிறது. அதைத் திருப்பித் தள்ள, ஷூவை இழுக்கிற ஸ்பிரிங்குக்கு பலம் போதவில்லை. எனக்கு அந்தக் கடையிலேயே சத்தமாகச் சிரிக்கவேண்டும்போல் இருந்தது.

இரண்டு பக்கமும் புது ஹோஸ் மாட்டினேன். அண்ணி மிதிக்க மிதிக்க, குமிழி நிற்கும்வரை காற்றை எடுத்தேன். முதலில் மணல் பாதையிலும் பிறகு பாலத்திலும் வெறும் வண்டியை நானே தனியாக ஓட்டினேன். நின்று நின்று பார்த்தேன். இரண்டு டிரம்மும் ஒரே மாதிரி வெதுவெதுப்பாக இருந்தன.

யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. காலையில் கூடைகளை ஏற்றினேன். அன்று என்னோடு ஏறியது அண்ணி மட்டும்தான், மற்றவர்களுக்கு பயம். அதை நான் தப்பாக எடுக்கவில்லை. டீக்கடை முன்னால் தலைவர் நின்றிருந்தார். அங்கிருக்கிற சரிவில் நிறுத்தி, பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். வண்டி தானாக உருண்டது. மறுபடி நிறுத்தி, "சக்கரத்துல கை வச்சிப் பாருங்க தலைவரே" என்றேன். அவர் குனிந்து டிரம்மைத் தொட்டுப் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு, "மெதுவாப் போ" என்றார்.

"ஏதோ குருட்டாம்போக்குல சரியாயிடுச்சி" என்றார் வேன்கார அண்ணன்.

"உன் வண்டியயும் கொண்டா அண்ணா. அதையும் குருட்டாம்போக்குல பாக்கறேன்" என்றேன்.

அந்த வாரம் முடிவதற்குள் மற்ற பெண்களும் ஒவ்வொருவராக ஏறிவிட்டார்கள். ஜீப் இன்னும் ஓடுகிறது.

முடியாது, விட்டுவிடு என்று யார் சொன்னாலும், நானே ஒருமுறை பிரித்துப் பார்க்காமல் இப்போதெல்லாம் நம்புவதில்லை. அன்று அவர்கள் சிரிக்காமல் இருந்திருந்தால் அந்தச் சக்கரத்தில் நான் கை வைத்திருப்பேனா என்று தெரியாது. ஆனாலும் அதற்காக அவர்களுக்கு நன்றி சொல்ல எனக்கு இன்றுவரை மனசு வரவில்லை, வரவும் வேண்டாம்.