நடக்கத் தொடங்கிய முளைகள்

கொழும்புச் சர்வகலாசாலையில் பொறியியல் படிக்க எனக்கு இடம் கிடைத்தபோது எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மாலை போட்டார்கள். மறுவாரமே பழுதான ரேடியோக்களையும் ஓடாத கடிகாரங்களையும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். முதல் வருஷம் எல்லோருக்கும் ஒரே பாடம்தான்: கணக்கு, வரைதல், பட்டறையில் இரும்பை ராவி விரலைக் கிழித்துக்கொள்வது. அதற்குப் பிறகுதான் சிவில், மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் என்று பிரிப்பார்கள். நான் சிவில் எடுத்தேன். பாலத்தையும் ரோட்டையும் யாரும் வீட்டுக்குத் தூக்கிவந்து, சரிபண்ணிக் கொடு என்று கேட்க மாட்டார்கள் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

அந்தப் புத்திசாலித்தனத்தின் பலன் விடுமுறையில் தெரிந்தது. எலக்ட்ரிக்கல்காரர்களைப் பயிற்சிக்கு நோட்டன் பிரிட்ஜ் மின்நிலையத்துக்கு அனுப்பினார்கள். மெக்கானிக்கல்காரர்கள் ரயில்வே பட்டறையில் கூரைக்குக் கீழே நின்றார்கள். சிவில்காரர்களுக்கு மட்டும் நில அளவை முகாம். அதாவது மழை, அட்டைக்கடி, மூன்று காலில் நின்று கோணம் பார்க்கும் தியோடலைட். இடம் கொட்டகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அதுவும் என் பெரியம்மா கொழுந்து எடுக்கும் தோட்டம். என் அப்பா பக்கத்துத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. அம்மாவின் அக்காவான இவர் இங்கே, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் இருந்தார். நாங்கள் கூடாரம் அடித்த அன்றே வந்து என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போய்விட்டார். மெலிந்துவிட்டேன் என்று வருத்தப்படுகிறார் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று பேர் ஒரு குழு. நான், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒருவன், காலியிலிருந்து வந்த சிங்கள நண்பன் ஒருவன். வேலை, சொல்லக் கேட்டால் சுலபம். லயத்தையும் தேயிலை ஃபாக்டரியையும் சுற்றி மரமுளைகள் அடிக்க வேண்டும். ஒரு முளையிலிருந்து அடுத்த முளைக்குத் தூரமும் கோணமும் அளந்துகொண்டே போய், புறப்பட்ட முளைக்கே திரும்பி வரவேண்டும். அதைக் காகிதத்தில் வரைந்தால் தொடக்கமும் முடிவும் ஒரே புள்ளியில் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் முகாமில் பெயில். முகாமில் பெயிலானால் அந்த வருஷத்தையே திரும்பப் படிக்க வேண்டும். இன்னொரு வருஷம் படிக்கவைக்க அப்பாவுக்கு வக்கில்லை. தோட்டத்து ஆபீஸில் கிளாக்கர் நாற்காலி ஒன்று எனக்காகக் காலியாக இருக்கிறது என்று அவர் ஏற்கெனவே இரண்டு தரம் சொல்லியிருந்தார்.

எங்கள் சுற்று பொருந்தவில்லை. எங்களோடு வந்த விரிவுரையாளர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபம் வந்தாலும் குரலை உயர்த்தாதவர். எங்களுக்குப் பயமே அதுதான்.

"உங்கள் கணக்கின்படி தேயிலை ஃபாக்டரி ஆற்றுக்குள் இருக்கிறது. போய்க் காப்பாற்றலாமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

மறுநாள் முழுவதும் திரும்ப அளந்தோம். ஃபாக்டரி ஆற்றைக் கடந்து அக்கரை ஏறிவிட்டது. தூரம் அளக்கும் சங்கிலியைப் பிடித்தவனை நான் திட்டினேன்; கோணம் பார்த்தவனை அவன் திட்டினான்; கோணம் பார்த்தவன் தியோடலைட்டைத் திட்டினான். சாப்பாட்டு நேரத்தில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தோம்.

அன்று சாயங்காலம், மறந்துவிட்டு வந்த குடையை எடுக்க லயத்துப் பக்கம் போனேன். லயத்துக்குப் பின்னால், எங்கள் ஊரில் போஞ்சி என்னும் பீன்ஸ் கொடிகளுக்கு நடுவே பெரியம்மா குனிந்து நின்றார். ஒரு கையில் எங்கள் முளை, மறு கையில் அதை அடிக்க ஒரு கல்.

"என்னா பெரியம்மா பண்றீங்க?"

"பாத்தா தெரியல? குச்சிய மாத்தி நடுறேன்."

வெட்கமே இல்லாமல் விவரம் சொன்னார். முளை முதலில் அவர் போஞ்சிக்குள் இருந்திருக்கிறது. அதைப் பிடுங்கி அடுத்த வீட்டு லீக்ஸ் பாத்தியில் நட்டிருக்கிறார். அந்த வீட்டுக்காரி அதற்கும் அடுத்த பாத்திக்குத் தள்ளியிருக்கிறாள். இப்படியே லயம் முழுக்க, வேலை முடிந்து வந்த பெண்கள் எல்லோரும் முளைகளை நகர்த்தியிருக்கிறார்கள்.

"மரியாதையாத்தான் செஞ்சோம் தம்பி. ஒரு குச்சியக்கூட அடுப்புல வைக்கல. இப்ப முக்காவாசி குச்சி கங்காணி கோவாப் பாத்திக்குள்ளதான் நிக்குது. அவரு பெரிய மனுசன், தாங்கிக்குவாரு."

"இது சும்மா படிக்கிறதுக்குத்தான் பெரியம்மா. அளந்து பழகுறோம்."

"லொறி வந்திருக்கு, கூடாரம் அடிச்சிருக்கு, சமையக்காரன்கூட வந்திருக்கான். இம்புட்டும் சும்மாவா? படிக்கிறதுன்னா பொஸ்தகத்துல படிக்கணும். ஊரான் போஞ்சிக்குள்ள என்னா படிப்பு?"

"ஐயோ பெரியம்மா, இது பொருந்தலேன்னா நான் பெயிலு. அப்பறம் கிளாக்கர் வேலதான்."

"அதுக்கு என்னா கொறச்சல்? நெழல்ல உக்காந்து பாக்குற வேல." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அளக்க வந்தவங்க யாரு சும்மா போயிருக்காங்க, சொல்லு பாப்போம். அணைக்கட்டு கட்டுனப்பவும் மொதல்ல இந்த மூணு காலு பொட்டிதான் வந்துச்சாம். அப்பறம் தண்ணி வந்துச்சாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவர் கோபமும் எனக்குப் புரிந்தது. தேயிலைக்கு உதவாத சரிவில், யாரும் கொடுக்காமல் யாரும் தடுக்காமல் வந்த காய்கறித் தோட்டம் அது. நாடு சுதந்திரம் அடைந்த கையோடு, இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லி, இவர்களுடைய பிரஜாவுரிமை போனது, ஓட்டு போனது. போஞ்சி மட்டும்தான் மிச்சம். அதற்குள் நான் போய் முளை அடித்திருக்கிறேன்.

அப்போதுதான் ஒன்று தோன்றியது. நிலத்தில் இருப்பதையெல்லாம் நாங்கள் வரைபடத்தில் காட்ட வேண்டும்: பாதை, கான் வாய்க்கால், கட்டடம், பயிர் எல்லாம். தோட்டத்துத் துரையின் ஆபீஸில் தொங்கிய பழைய படத்தில் லயத்துக்குப் பின்னால் வெறும் வெள்ளைதான்.

"குச்சிய அசைக்காம விட்டீங்கன்னா ஒங்க போஞ்சித் தோட்டத்த படத்துல போடுறேன் பெரியம்மா."

"லீக்ஸையும் போடுவியா?"

"எல்லாத்தையும் போடுறேன்."

"எது யாரோடதுன்னு எப்புடித் தெரியும்?"

"பேரு எழுதுறேன்."

பெரியம்மா கல்லைக் கீழே போட்டார். "சரி, மொதல்ல எங்க இருந்துச்சு? காட்டு."

அதற்குப் பிறகு முளைகள் அசையவில்லை. ஆடு உரசினால்கூடப் பெண்கள் விரட்டினார்கள். ஒரு முளைக்கு யாரோ குங்குமம் வைத்திருந்தார்கள். ஆனால் வேறொரு சங்கடம் முளைத்தது. படத்தில் வரப்போகிறது என்றதும், தோட்டம் கொஞ்சம் பெரிதாகவே வரட்டுமே என்று ஆளுக்கு ஆள் ஆசைப்பட்டுவிட்டார்கள். முளைகள் நின்றன, வேலிகள் நடக்கத் தொடங்கின. ஒவ்வொரு காலையும் பாத்திகள் ஒரு முழம் கொழுத்திருந்தன. கங்காணியின் கோவா என்கிற முட்டைக்கோஸ் பாத்தி மட்டும் நாலு பக்கத்திலிருந்தும் சுருங்கிக்கொண்டே வந்தது.

"சட்டுன்னு அளந்து முடிங்க தம்பி. இன்னும் ரெண்டு நாளு போனா எனக்கு ஒத்தக் கோவாதான் மிஞ்சும்" என்று அவர் என்னைத் தனியாக அழைத்துக் கெஞ்சினார்.

முடித்தோம். சுற்று பொருந்தியது, ஃபாக்டரி கரையேறித் தன் இடத்தில் நின்றது. யாழ்ப்பாணத்து நண்பனுக்கு அச்சு மாதிரி கையெழுத்து. ஒவ்வொரு பாத்திக்குள்ளும் பெயரை அவன்தான் கறுப்பு மையில் எழுதினான். விரிவுரையாளர் படத்தைப் பார்த்து முதல்முறையாகத் தலையாட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "யார் இவர்கள்?" என்றார்.

"தோட்டம் போட்டவர்கள், சார்."

"நிலம் இவர்களுடையதா?"

"இல்லை சார். போஞ்சி இவர்களுடையது."

"போஞ்சி நட்டவர்களின் பெயரைப் படத்தில் எழுதும் வழக்கம் இல்லை. நாளைக்குள் சுரண்டிவிடுங்கள். இல்லையென்றால் மதிப்பெண் குறையும். ஏற்கெனவே நாட்களை வீணடித்ததற்குக் குறைத்திருக்கிறேன். இனிக் குறைக்க அதிகம் இல்லை."

அந்த மை ரப்பருக்கு மசியாது. பிளேடால்தான் சுரண்ட வேண்டும். ஒரு பிளேடைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, பெரியம்மா லயத்துப் பெண்களைக் கூட்டிக்கொண்டு படம் பார்க்க வந்துவிட்டார். ஒருவருக்கும் எழுத்துத் தெரியாது. விரலைப் பிடித்து வைத்துக் காட்டினேன்.

"இதுதான் என் பேரா? அவ பேரு மட்டும் என்னாத்துக்கு இம்புட்டு நீளம்?" என்று லீக்ஸ்காரியைப் பார்த்தார். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும், விரலை எடுக்காமலே கேட்டார். "தம்பி, இதுலேருந்து எங்கள எடுத்துற மாட்டாங்கல்ல?"

"மாட்டாங்க பெரியம்மா" என்று யோசிக்கும் முன்பே சொல்லிவிட்டேன்.

அவர்கள் போனதும் யாழ்ப்பாணத்து நண்பன் வாயைத் திறந்தான். "மச்சான், இதை எழுத எனக்கு ஒரு பகல் முழுக்கப் போச்சு. நான் சுரண்டமாட்டன். வேணுமெண்டால் நீ சுரண்டு."

சிங்கள நண்பன், அந்த அம்மா என்ன கேட்டார் என்று விசாரித்தான். சொன்னேன். அவனுக்கும் அதே வருஷம்தான், அதே பெயில்தான். ஆனாலும் என் பையிலிருந்து பிளேடை எடுத்துக்கொண்டு போய் முகம் மழித்தான்.

படத்தை அப்படியே கொடுத்தோம். விடுமுறை முடிந்து கொழும்புக்குத் திரும்பிய பிறகு அது திருத்தி வந்தது. மூன்று பேரும் மயிரிழையில் பாஸ். மூலையில் சிவப்பு மையில் விரிவுரையாளர் எழுதியிருந்தார்: "அளவு சரி. பெயர்கள் அவசியமில்லை." நாட்டில் அப்போது எங்கள் தோட்டத்து ஜனங்களைப் பற்றிப் பலரும் சொல்லிக்கொண்டிருந்தது அதைத்தான், அவசியமில்லை என்று. இவர் ஒருவர்தான் அதைச் சொல்லிவிட்டுப் பாஸும் போட்டார்.