எஸ்தர் டீச்சரும் சூரியன் மேல் விழுந்த பழியும்

எஸ்தர் டீச்சர் இறந்த செய்தியை என்னிடம் கொண்டுவந்தவர் ரேடியோக் கடை தனகோட்டி. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தலைகுனிந்து நின்றார். "டீச்சரம்மா வேலூர் ஆஸ்பத்திரியில தவறிட்டாங்க. இரங்கல் கூட்டம் போடறோம், நான்தான் தலைமை. நீங்க கூட வேலை பார்த்தவங்க. நாலு நல்ல வார்த்தை எழுதிகினு வாங்க" என்றார். எழுதி வருகிறேன் என்றேன். அவர் முன்னால் படிக்கத்தான் இதை எழுதுகிறேன்.

உங்களில் பலர் டீச்சரிடம் இயற்பியல் படித்தவர்கள். ஆரணியில் ஒரே பள்ளியில் நான் தமிழும் அவர் இயற்பியலும் நடத்தினோம். தினமும் காலையில் முதல் மணிக்கு முன்பே மொட்டைமாடிக்குப் போய், சிறிய தொலைநோக்கி வழியாகச் சூரியனின் பிம்பத்தை வெள்ளை அட்டையில் விழவைப்பார். அதில் தெரியும் கரும்புள்ளிகளை வரைந்துகொண்டு வந்து, வாசல் பலகையில் எழுதுவார்: "இன்று புள்ளிகள் அதிகம். பகலில் சிற்றலை வானொலி சிறிது நேரம் கேட்காமல் போகலாம். பெட்டியைப் பழுதுபார்க்கக் கொடுக்க வேண்டாம். பொறுத்திருங்கள்."

சூரியனில் வெடிப்பு நேர்ந்தால் மேல்வானம் சிற்றலையை விழுங்கிவிடுமாம். "ஒரு நாள் தப்பாப் போனா?" என்று கேட்டேன். "ஆகலாம்னுதானே எழுதறேன் கமலா. ஆகும்னு அடிச்சுச் சொல்ல சூரியன் என்ன எங்க அத்தை பிள்ளையா?" என்றார்.

தறியில் உட்கார்ந்து நாளெல்லாம் பாட்டுக் கேட்கும் ஊர் இது. முன்பெல்லாம் பெட்டி வாயடைத்தால் தனகோட்டியிடம் ஓடுவார்கள். உள்ளே ஏதோ போய்விட்டது என்று வாங்கி வைத்து, மாலையில் கூலியோடு திருப்பிக் கொடுப்பார். மாலையில் அது தானாகவே பாடியிருக்கும். டீச்சரின் பலகை வந்தபின் ஜனங்கள் பொறுத்திருக்கக் கற்றார்கள். தனகோட்டிக்குப் பொறுக்கவில்லை.

அமெரிக்காவின் ஸ்கைலாப் விண்வெளி நிலையம் உடைந்து பூமியில் விழப்போகிறது என்று நாடே நடுங்கிய சமயம் அது. சூரியன் கொதிப்பதால் மேல்காற்று விரிந்திருக்கிறது, அதனால் அது சீக்கிரமே விழும், ஆரணிக்குப் பயமில்லை என்று டீச்சர் எழுதினார். தனகோட்டி பாதியை மட்டும் கடைவீதியில் பரப்பினார். "டீச்சரம்மாவே எழுதிட்டாங்க, நம்ம தலை மேலதான் விழுதாம்." பெண்கள் பள்ளி வாசலில் வந்து அழுதார்கள். பிள்ளைகளை வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். அது எங்கோ கடலுக்கு அப்பால் விழுந்த பிறகு, ஊரைப் பயமுறுத்தியவர் என்று டீச்சர் மேலேயே மனு கொடுத்தார்கள். முதல் கையெழுத்து தனகோட்டியுடையது. பள்ளிக் குழுவில் அவரும் ஓர் உறுப்பினர். டீச்சரை வேலையிலிருந்து நீக்கிய அன்று பலகையைத் தனகோட்டியே துடைத்தார். "சூரியனுக்கும் ரேடியோவுக்கும் இன்னாம்மா சம்மந்தம்? ஜல்தியா கிளம்புங்க" என்றார். நான் அருகில் நின்றிருந்தேன்.

டீச்சர் கிளம்பவில்லை. தனகோட்டியின் கடைக்கு எதிரே மாடி அறையை வாடகைக்குப் பிடித்தார். டியூஷன் எடுத்துப் பிழைத்தார். மாடிப்படி ஓரத்தில், கடையில் உட்கார்ந்தால் கண்ணில் படுகிற உயரத்தில், பலகையை மாட்டினார்.

"விட்டுத்தொலைக்கக் கூடாதா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அவர் தினமும் கடை திறக்கறார். நான் தினமும் எழுதறேன்" என்றார்.

சில ஆண்டுகள் கழித்து, இங்கிலாந்தில் நம் அணி ஆடிய ஒரு கிரிக்கெட் ஆட்டத்தின் வர்ணனையை ஊருக்கே போட்டுக் காட்டி, புது ரேடியோக்களை விற்கத் திட்டமிட்டார் தனகோட்டி. கடைமுன் ஒலிபெருக்கி கட்டினார். அன்று காலை வெள்ளை அட்டையின் நடுவே, கொத்தாக, அதுவரை நான் பார்த்திராத அளவில் புள்ளிகள் இருந்தன. டீச்சர் அவற்றை நிதானமாக வரைந்தார். பலகையில் எதுவும் எழுதவில்லை.

"எழுதலையா?"

"இன்னிக்கு லீவு" என்றார்.

பிற்பகலில் ஆட்டம் சூடு பிடித்த நேரத்தில் குரல் தேய்ந்து, இரைந்து, அடங்கிப்போனது. தனகோட்டி ஒவ்வொரு பெட்டியாகத் திருகிப் பார்த்தார். எல்லாமே ஊமை. கூட்டத்தில் ஒருவர், "இன்னாய்யா, புதுப் பெட்டியே இந்த லட்சணமா?" என்றார். சிரிப்பு பரவியது. வாங்க வந்தவர்கள் நகரத் தொடங்கினார்கள். வேறு வழியில்லாமல் தனகோட்டி மைக்கைப் பிடித்தார். "பெட்டியில ஒரு கோளாறும் இல்லீங்க. சூரியன்ல ஏதோ வெடிச்சிருக்குது. அதான் அலை வரல. கொஞ்சம் பொறுத்துக்கோங்க."

டீச்சர் மாடி ஜன்னலைத் திறந்தார். "இன்னொரு தரம் சொல்லுங்க. பின்னால நிக்கறவங்களுக்குக் கேக்கல."

தெருவே மேலே பார்த்தது. தனகோட்டி மறுபடியும் சொன்னார். "அப்ப டீச்சரம்மா எழுதிகினு இருந்தது நெசந்தானா?" என்று முன்வரிசையில் நின்ற ஒரு நெசவாளி கேட்டார். டீச்சர் ஜன்னலைச் சாத்திவிட்டு எனக்குக் காப்பி கலந்தார். அத்தனை வருடப் பழக்கத்தில் அவர் பாடிக்கொண்டே காப்பி கலந்தது அன்றுதான்.

அடுத்த பள்ளிக் குழுவுக்குத் தனகோட்டியை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. பள்ளி டீச்சரைத் திரும்ப அழைக்கவும் இல்லை. அவரும் போய்க் கேட்கவில்லை. படிக்கட்டு ஏற முடியாமல் போகும்வரை எதிர்மாடியில் எழுதிக்கொண்டிருந்தார்.

தொலைநோக்கி அவருடைய அக்கா மகளிடம் போய்விட்டது. எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அவருடைய விடாப்பிடியை. தீங்கு செய்தவரின் பெயரைச் சாவு வந்தாலும் மழுப்பாத பிடிவாதம் அது. தனகோட்டி ஐயா, நீங்கள் கேட்ட நாலு நல்ல வார்த்தைகளை எழுதிவிட்டேன். எல்லாம் அவரைப் பற்றியவை.