கொலைச் சிந்துப் பாட்டைப் பாதியில் நிறுத்தினேன்

இன்று திருச்செங்கோட்டுச் சந்தையில் புதிய கொலைச் சிந்துப் புத்தகம் விற்கப் போனேன்.

நம் தொழில்முறை தெரிந்ததுதானே. நின்று பாட வேண்டும். கூட்டம் சேர்ந்ததும், கொலைகாரன் கதவைத் தட்டும் இடத்தில் நிறுத்தி, "மீதி புத்தகத்தில்" என்று கையை நீட்ட வேண்டும்.

நிறுத்தினேன். யாரும் நகரவில்லை.

மாடு விற்க வந்த ஒருவர் துண்டை விரித்து எல்லோரிடமும் சல்லிக்காசு திரட்டி, ஒரே ஒரு புத்தகம் வாங்கினார். அதை என்னிடமே நீட்டினார்.

"எங்கள்ல ஆருக்கும் படிக்கத் தெரியாதுங்க. நீங்களே பாடிப்போடுங்க சாமி."

"மீதியையும் பாடிவிட்டால் அப்புறம் யாருங்க வாங்குவாங்க?"

"அது உங்க பாடுங்க. நாங்க எங்க பொஸ்தகத்தைத்தானுங்க பாடச் சொல்றோம்."

பாடினேன். கொலைகாரன் பிடிபட்டான். கூட்டம் திருப்தியாகக் கலைந்தது. இரண்டாவது புத்தகம் போகவில்லை.

அவர்களுடைய புத்தகத்தை மாட்டுக்காரரிடம் திருப்பிக் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை.

"ஊட்டுல வெச்சு என்னங்க பண்றது? நீங்களே பத்திரமா வெச்சிருங்க. அடுத்த சந்தைக்கும் வாரோம், மறுக்கா பாடோணும்."

மூட்டை நிறைய விற்காத புத்தகங்கள். அவற்றின் மேல், விற்ற பிறகும் நான் சுமக்கிற புத்தகம் ஒன்று.

சந்தை சந்தையாய்ச் சுற்றும் அன்பர்களே, நீங்களெல்லாம் எந்த அடியில் நிறுத்துகிறீர்கள்?