அரிசிப் பையோடு பத்து நாள்

மகளுக்கு எட்டு மாதமாகியும் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் நாலடி நடந்ததில்லை. எனக்கு இடது முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். உட்கார்ந்தபடி மடியில் வாங்குவேன். எழும்போது யாரிடமாவது கொடுத்துவிடுவேன். கல்யாணமான புதிதில் தண்ணீர்க் குடத்தோடு சறுக்கியபோது, குடத்தைக் காப்பாற்றி மணிக்கட்டை உடைத்துக்கொண்ட புத்திசாலி நான். பிள்ளையோடு விழுந்தால்? மாமியார் அவளைத் தூக்கிக்கொண்டு கோழி காட்டப் போகும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். பொறாமைதான், வேறென்ன.

ஒரு மழை நாளில் பந்தல்குடியில் பஸ்ஸுக்காக நின்றபோது, ஒரு டீக்கடைக்காரி விழுவதைப் பார்த்தேன். என் வயதுதான் இருக்கும். லாரிக்காரர்களுக்கு டீ கொண்டுபோனவள் ஈரத்தில் சறுக்கினாள். தட்டை ஒரு பக்கம் வீசிவிட்டுப் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். கிளாஸெல்லாம் தூள். விலகிய சேலைக்குக் கீழே என்னுடையதைப் போலவே ஒரு கால். டிரைவர்கள் ஓடிவந்தார்கள்.

"யாரும் தொடாதீக! கையப் புடிச்சு இழுத்தா காலு கழண்டுரும்" என்று அதட்டினாள். காலைத் திருகி நேராக்கி, மண்டியிட்டுத் தானே எழுந்தாள். எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது.

என் காலைக் காட்டிப் பேச்சுக் கொடுத்தேன். பயத்தையும் சொன்னேன். "கிளாஸ வீசிட்டீக. பிள்ளைய வீச முடியுமா?" என்று சண்டைக்காரி மாதிரிதான் கேட்டேன்.

"பிள்ளைய எதுக்குத்தா வீசுற? நெஞ்சோட சேத்துப் புடிச்சுக்க. விழாம நிக்கணும்னு மட்டும் போராடாத. காலு வழுக்குதா, அப்படியே குண்டி தட்ட ஒக்காந்துரு" என்றாள்.

ஊர் திரும்பியதும் களத்தில் சோளத்தட்டையைப் பரப்பி, மகளின் எடைக்கு எட்டு கிலோ அரிசிப் பையை அணைத்துக்கொண்டு விழுந்து பழகினேன். முதல் நாள் பையை விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் முழங்கையைச் சிராய்த்துக்கொண்டேன். பத்தாம் நாள் பையும் நானும் சேர்ந்து உட்கார்ந்தோம். மருமகளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதென்று மாமியார் ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

அதன் பிறகுதான் மகளை இடுப்பில் வைத்தேன். மூன்றாவது வாரம், சாணம் தெளித்த வாசலில் கால் வழுக்கியது. போராடவில்லை. அவளை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு பொத்தென்று உட்கார்ந்தேன். பயந்துபோய் வீறிட்டாள்; ஒரு கீறல் இல்லை. வீட்டுக்காரர் பாய்ந்து வந்து அவளை வாங்கக் கை நீட்டினார்.

"எடுக்காதீக" என்றேன்.

அவளைப் பக்கத்தில் இறக்கி உட்காரவைத்தேன். காலை நேராக்கினேன். மண்டியிட்டு எழுந்தேன். மகள் அழுதபடியே இரண்டு கையையும் என்னைப் பார்த்து நீட்டினாள். குனிந்து தூக்கிக்கொண்டேன்.